தேர்தல் மாதத்தில் படிக்க: தகடூர் வேல் முதல் காலி வாக்குச்சீட்டு வரை

தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில், அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது போன ஔவையாருக்குப் பகை மன்னன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அங்கே பிறந்தது. இங்கே இருக்கும் வேல்களுக்குப் பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்பதுதான் பாட்டு சொல்லும் சேதி. தொண்டைமானைப் பழித்து ஒரு சொல் கிடையாது. புகழ்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் கேட்டவனுக்குத் தன் ஆயுதங்கள் போர்க்களம் பார்க்காதவை என்பது உறைத்துவிடும். இதைத்தான் அணி இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்கிறோம்.

அந்தச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டைமானின் மீசையிலோ நடையிலோ குரலிலோ இல்லை. வேலில் இருக்கிறது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டு கழித்து, தொண்டைமான் எப்படி இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாதபோதும் பாட்டு வேலை செய்வதற்கு அதுதான் காரணம். அரசியல் நகைச்சுவை நாவல்களைத் தரம் பிரிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நகைச்சுவை ஒரு தலைவரின் சாயலில் தொங்கினால், அந்தத் தலைவரோடு அதுவும் போய்விடும். ஒரு பொருளில் தொங்கினால் நிற்கும். அந்தப் பொருள் ஒரு மரமாக, ஒரு கடிகாரமாக, ஒரு நாய்க்குட்டியாக, ஒரு குடையாக இருக்கலாம். கதையில் எல்லோர் கையும் அதன் மேல் படும், தேர்தலின் உள்வேலை முழுவதும் அதன் வழியே தெரியும்.

தலைவரில் தொங்கும் சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் பழையதாகும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1996 தேர்தலில் கிருஷ்ணகிரி பக்கத்துப் பர்கூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றார். அந்தச் செய்தி இன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் டீக்கடைகளில் ஓடிய கேலிகளில் ஒன்றை இப்போது 25 வயதுப் பிள்ளையிடம் சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் விளக்கம் தர வேண்டியிருக்கும். அரசியல் நாவலைக் கையில் எடுத்ததும் ‘இதில் வருகிற அமைச்சர் நிஜத்தில் யார்’ என்று தேடுவது பலருக்குப் பழக்கம். அந்தத் தேடல் பாதி நாவலைத் தின்றுவிடும். விடை கிடைத்ததும் வாசகர் நிறைவடைந்து, புத்தகம் சொல்ல வந்த மீதியைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த வகை நாவலின் கட்டுமானம் புதிதாக இருக்காது. துரியோதனன் கொலுவில் நிற்கும்போது பக்கத்திலேயே கட்டியங்காரன் நிற்பான். ராஜா பேசும் செந்தமிழை ஊர்த் தமிழில் திருப்பிச் சொல்வான். சொல்லும்போதே ரேஷன் கடையும் ஏரி மதகும் தார் போடாத ரோடும் உள்ளே நுழைந்துவிடும். ராஜாவுக்கு அடங்கிய வேலைக்காரன் என்பதால்தான் அவனால் அதைச் சொல்ல முடிகிறது. நல்ல அரசியல் நாவல்களில் கதை சொல்கிறவரும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்பார்: சமையல்காரர், ஒலிபெருக்கி கட்டுகிற பையன், விடுமுறைக்கு வந்த மருமகன், பள்ளி வாத்தியார். இந்திரா பார்த்தசாரதியின் ‘சுதந்திர பூமி’யில் எம்.ஏ. படித்த முகுந்தன் டில்லியில் ஓர் அரசியல்வாதி வீட்டுச் சமையற்கட்டு வழியாக அதிகாரத்துக்குள் போகிறான். முன்வாசல் வழியாகப் போயிருந்தால் அவனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

தமிழில் முதலில் எடுக்க வேண்டியது சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. 1966இல் வந்தது. இதை அரசியல் நாவல் என்று யாரும் சிபாரிசு செய்வதில்லை. நாகர்கோவில் பக்கத்து ஊர்க்கதை என்றே சொல்வார்கள். ஆனால் பிற்பகுதி முழுக்க முனிசிபல் அரசியல். முச்சந்தியில் நிற்கும் ஒரு புளியமரம். மன்னர் காலத்தில் அதைச் சுற்றிக் குளம் இருந்தது. குளம் தூர்ந்து, சந்தி வந்து, கடைகள் வந்து, மரம் நகராட்சியின் சொத்தாகிறது. புளியை ஏலம் விடுகிறார்கள். இரண்டு வியாபாரிகளின் போட்டி தேர்தல் போட்டியாக மாறும்போது, மரத்தை வெட்டுவதா வைப்பதா என்பது ஊரின் ஒரே பிரச்சினையாகிவிடுகிறது. மரத்தைச் சாமியாக்கிக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் ஒருபக்கம். பத்திரிகைக்காரன் இசக்கி, கடலை விற்கும் தாத்தாவை வேட்பாளராக நிறுத்துவது இன்னொரு பக்கம். மரம் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, வெறுமனே நின்றது. கடைசியில் அதற்கு விஷம் வைக்கிறார்கள்.

இந்த நாவலைத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்து படிப்பவருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சாலையோரப் புளியமரம், மகசூல் ஏலம், ஏலம் எடுத்தவருக்கும் மரத்தடிக் கடைக்காரருக்கும் வருகிற தகராறு, சாலை விரிவாக்கத்துக்காக மரத்தில் சிவப்பில் எண் எழுதுவது எல்லாமே இங்கே கண்ணால் பார்க்கிற காரியங்கள். படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் மரம் ‘யாருடையது’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். அரசன், நகராட்சி, குத்தகைக்காரர், சாமி கும்பிடுகிறவர்கள், வேட்பாளர்கள் என்று அந்தப் பட்டியல் மாறுவதைப் பார்த்தாலே நாவலின் அரசியல் முழுவதும் கைக்கு வந்துவிடும். தாமோதர ஆசான் கதை சொல்லும் முன்பாதி மெதுவாகப் போகிறது என்று அலுத்து நடுவில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த முன்பாதிதான் மரத்தின் மேல் நமக்குப் பாசத்தை ஏற்றிவைக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் தேர்தல் பகுதி வெறும் ஊர்ச்சண்டையாகத்தான் தெரியும்.

அடுத்தது இந்தியில் ஸ்ரீலால் சுக்ல எழுதிய ‘ராக் தர்பாரி’. 1968இல் வெளிவந்து மறு ஆண்டே சாகித்ய அகாதமி விருது பெற்றது. தமிழிலும் ‘தர்பாரி ராகம்’ என்று வந்திருக்கிறது. சுக்ல உத்தரப் பிரதேச அரசுப் பணியில் இருந்தவர். கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பது உள்ளிருந்து தெரியும். நாவல் ஒரு லாரியோடு தொடங்குகிறது. ஒரு பக்கம் நின்று பார்க்கும் போலீஸ்காரர் அது நடுரோட்டில் நிற்கிறது என்று சொல்லலாம், மறுபக்கம் நின்று பார்க்கும் டிரைவர் அது ஓரமாக நிற்கிறது என்று சொல்லலாம். கிருஷ்ணகிரி நான்கு வழிச்சாலை ஓரத்தில் அரை மணி நேரம் நின்றவருக்கு இதற்கு உரை தேவையில்லை.

கதை நடக்கும் சிவபால்கஞ்ச் கிராமத்தில் கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, கிராமப் பஞ்சாயத்து மூன்றும் தன் பிடியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வைத்தியஜி. சங்கமும் கல்லூரியும் ஏற்கெனவே கையில் இருக்க, பஞ்சாயத்தையும் சேர்த்துக்கொள்ள அவர் தன் வீட்டில் பங்கி என்னும் போதை இலையை அரைக்கும் சனீச்சரைத் தலைவர் வேட்பாளராக நிறுத்துகிறார். சனீச்சரின் சொந்தப் பெயர் மங்கள். இந்தியில் மங்கள் என்றால் செவ்வாய், சனீச்சர் என்றால் சனி. கிழமையே மாறிப்போன ஆள். இந்த மாதிரி நுணுக்கங்கள் மொழிபெயர்ப்பில் நழுவும் இடங்கள், தெரிந்துகொண்டு படித்தால் நல்லது.

இந்த நாவலின் உச்சம், தேர்தலில் ஜெயிக்க மூன்று முறைகள் உண்டு என்று சுக்ல விளக்கும் பகுதி. மூன்றுக்கும் மூன்று ஊர்ப் பெயர்கள். ராம்நகர் முறையில் எதிராளியின் ஆட்கள் தேர்தல் நேரத்தில் ஜெயிலில் இருப்பார்கள். நெவாதா முறையில் ஒரு சாமியார் வந்து ஜாதிக் கணக்கைக் குலைத்துவிடுவார். மஹிபால்பூர் முறைதான் எளிது, செலவும் இல்லை: தேர்தல் அதிகாரியின் கைக்கடிகாரம் முன்னே ஓடும். எதிர்த்தரப்பு வாக்காளர்கள் தங்கள் நேரப்படி வந்து சேரும்போது தேர்தல் முடிந்திருக்கும். அதிகாரியின் கடிகாரம்தான் கடிகாரம் என்பதால் வழக்கும் நிற்காது. சனீச்சர் ஜெயிப்பது இந்த வழியில்தான்.

இதைப் படித்துவிட்டு இன்றைய வாக்குச்சாவடி நடைமுறையைப் பார்த்தால், ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்று புரியும். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது 50 வாக்கு போட்டு எண்ணிக் காட்டி, பிறகு அழிக்க வேண்டும். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எண் போட்ட சீட்டு தரப்படும், அதுவும் வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி. முன்னாலிருந்து கொடுத்தால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் புதிதாக ஆட்கள் ஒட்டிக்கொள்வார்கள். கடைசி ஆளிலிருந்து தொடங்கினால் வரிசை அங்கேயே மூடிவிடும். மஹிபால்பூர் கடிகாரத்துக்கு நடைமுறை கண்ட பதில் இது. விதிப்புத்தகத்தை மட்டும் படிக்கிறவருக்கு இந்தச் சீட்டின் அருமை தெரியாது.

‘ராக் தர்பாரி’யைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் பாத்திரக் கூட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். எட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்: வைத்தியஜி, அவர் மகன்கள் பத்ரி பயில்வான், ருப்பன் பாபு, நகரத்திலிருந்து வந்த சகோதரி மகன் ரங்கநாத், கல்லூரி பிரின்சிபல், சனீச்சர், எதிரணி ராமாதீன், பிறகு லங்கட். இந்தக் கடைசி ஆளை மறக்க முடியாது. தாலுகா ஆபீசில் ஒரு நகல் வேண்டும். குமாஸ்தா ஐந்து ரூபாய் கேட்கிறார், லங்கட் இரண்டு ரூபாய்க்கு மேல் தர மறுக்கிறார். வாக்குவாதம் முற்றி, லஞ்சமே இல்லாமல் விதிப்படி வாங்கியே தீருவேன் என்று சபதம் போடுகிறார். நாவல் முழுக்க அந்த நகலுக்காக நடந்துகொண்டே இருக்கிறார். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்துவிடும். நகைச்சுவை அரசியல் நாவல் உச்சத்தில் செய்யும் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தேர்தலை மட்டுமே கதையாகக் கொண்ட முழு நாவல் வேண்டுமென்றால் வி.எஸ். நைபாலின் ‘தி சஃப்ரேஜ் ஆஃப் எல்விரா’. 1958இல் வந்தது, கதை நடப்பது 1950இல் டிரினிடாட் தீவில். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு என்று வந்து இரண்டாவது தேர்தல். முதல் தேர்தலில் ஓட்டின் விலை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவதில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேட்பாளர் ஹர்பன்ஸ் தொகுதிக்குள் நுழையும்போதே ஒரு பெண் நாயின் மேல் வண்டியை மோதுகிறார், சைக்கிளில் வரும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் எதிர்ப்படுகிறார்கள். இரண்டும் கெட்ட சகுனம் என்று அவர் மனசு அடித்துக்கொள்கிறது.

சகுனப் பகுதி நமக்கு அந்நியமாகத் தோன்றாது. நம்மூரில் வேட்புமனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. புதன்கிழமை 12 முதல் 1.30 வரை ராகுகாலம், வியாழக்கிழமை 1.30 முதல் 3 வரை, வெள்ளிக்கிழமை 12 மணி வரை. நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கழிந்தால், மிச்ச நேரத்தில் தேர்தல் நடத்தும் அலுவலர் அறையில் எவ்வளவு கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நைபால் நாவலின் உயிர் பேரத்தில் இருக்கிறது. நகைத் தொழில் செய்யும் சித்தரஞ்சன் இந்து ஓட்டுகளைக் கொண்டுவருவார், பதிலுக்கு ஹர்பன்ஸின் மகனுக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். தையல்காரர் பக்ஷ் முஸ்லிம் ஓட்டுகளைக் கொண்டுவருவார், பதிலுக்கு ஒலிபெருக்கி வண்டியும் மகன் ஃபோமுக்குப் பிரச்சார மேலாளர் வேலையும். சாராயக்கடைக்காரருக்கு, வாக்காளர்கள் குடிப்பதற்கான சீட்டுகள். இந்தக் கணக்கெல்லாம் இறுகி நிற்கும்போது உள்ளே நுழைகிறது ஒரு பட்டினி நாய்க்குட்டி. இரவில் அதைப் பார்த்து மிரளும் பக்ஷுக்கு அது பெரிய நாயாகத் தெரிகிறது. காலையில் பார்த்தால் உள்ளங்கையளவு. அப்படியானால் இது ஏவல்தான் என்று ஊர் நம்பிவிடுகிறது. அதன்பின் நாய்க்குட்டி எந்தத் தெருவில் படுத்தாலும் அந்தத் தெருவின் ஓட்டுக் கணக்கு மாறும். எந்தத் தலைவரும் மேடையில் சாதிக்காததை அந்தக் குட்டி சாதிக்கிறது.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. உரையாடல் முழுக்க டிரினிடாட் பேச்சு வழக்கு. மௌனமாகப் படித்தால் இலக்கணப் பிழை மாதிரி கண்ணை உறுத்தும், வாய்விட்டுப் படித்தால் நான்கே பக்கத்தில் பழகிவிடும். ஓசூர், தளி, வேப்பனஹள்ளி பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஓட்டுக் கேட்டுப் போகிற ஆட்டோவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இன்னும் சுலபம். நைபால் பொதுவாகத் தன் மனிதர்களிடம் கடுமையாக நடந்துகொள்பவர். இந்த இளவயது நாவலில் அந்தக் கடுமை இன்னும் ஏறவில்லை. எல்விரா ஊர்க்காரர்களை அவர் ரசித்து எழுதியிருக்கிறார்.

ஓட்டுக்குப் பரிசு என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நம்புகிறவர்கள் சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் 13ஆம் அத்தியாயத்தை மட்டும் படித்தால் போதும். 1836-37இல் தொடராக வந்தது, முழு நாவலும் தடிமன், தேர்தல் நேரத்தில் முடிக்க முடியாது. ஈட்டன்ஸ்வில் என்னும் கற்பனை ஊரில் நீலக் கட்சிக்கும் மஞ்சள் கட்சிக்கும் போட்டி. எதிரணி 33 வாக்காளர்களைக் குடிக்க வைத்து ஒரு வண்டிக்கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறது. இன்றைக்கு இதையே ரிசார்ட்டில் செய்கிறோம். நீலக் கட்சி முகவரோ ஊர்ப் பெண்களுக்கு 45 பச்சைக் குடைகள் கொடுத்திருப்பதாகப் பெருமையோடு சொல்கிறார், ஒன்றின் விலை ஏழரை ஷில்லிங். பெண்களுக்குக் கொடுத்தால் கணவன்மார், அண்ணன் தம்பிகள் ஓட்டும் சேர்ந்து வரும் என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தில் ரகசிய வாக்கு வந்தது 1872இல்தான். அதனால் குடை கொடுத்தவருக்கு, வாங்கிய வீட்டின் ஓட்டு எங்கே விழுந்தது என்று அன்றே தெரிந்துவிடும். இன்று கவர் கொடுக்கிறவருக்கு அந்த நிச்சயம் இல்லை. ‘வாங்கினால் போட்டே ஆக வேண்டும்’ என்று சத்தியம் வாங்கும் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சினுவா அச்செபேயின் ‘எ மேன் ஆஃப் தி பீப்பிள்’ 1966 ஜனவரியில் வந்தது. கதை ராணுவப் புரட்சியில் முடிகிறது. அதே மாதம் 15ஆம் தேதி நைஜீரியாவில் உண்மையாகவே புரட்சி நடந்தது. அந்தப் பொருத்தத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நாவலில் நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒரு கண் தெரியாதவரின் கைத்தடியை. கடைக்காரன் ஒருவன் மாந்திரீகத்துக்காக அதைத் திருடிவிடுகிறான். ஊர் கூடி அவன் கடையையே புறக்கணிக்கிறது. பொருளுக்குச் சொந்தக்காரன் கவனிக்கிற அளவுக்கு எடுத்துவிட்டான் என்பது ஊரின் தீர்ப்பு. அமைச்சர் நாங்கா நாட்டிலிருந்து எடுப்பது அதைவிடப் பல மடங்கு. ஆனால் நாட்டுக்குச் சொந்தக்காரன் யார் என்று ஒருவருக்கும் தோன்றாததால் அது கண்ணில் படுவதில்லை. பொதுப்பணம் களவுபோவது ஏன் யாரையும் உறுத்துவதில்லை என்று கேட்கிற எல்லோருக்கும் இந்தக் கைத்தடியைத் தந்துவிடலாம்.

தமிழில் அண்மைக் காலத்துக்கு வந்தால் இமையத்தின் ‘வாழ்க வாழ்க’ குறுநாவல். கிராமத்துப் பெண்களைக் கூலி பேசி வண்டியில் ஏற்றிப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தலைவி வரும்வரை மணிக்கணக்காக வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலிக்குச் சண்டை, தண்ணீர் இல்லை, ஒதுங்க இடம் இல்லை, அதற்கிடையே ஜாதிப் பேச்சு. மேடை தூரத்தில் இருக்கிறது, நாவல் முழுக்கக் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. ஒரே மூச்சில் படிக்கலாம். மூன்று மணி நேரம் போதும். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யில் ஆட்டுக்குட்டி பிறந்தால் அரசிடம் பதிந்து காது குத்திக்கொள்ள வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். ஆடு வளர்க்கிற வீடுகள் நிறைந்த அரூர், பென்னாகரம் பக்கம் இதைச் சத்தமாக வாசித்தால் படிக்காத பெரியவர்களும் ஆட்டுக்காக உட்கார்ந்து கேட்பார்கள்.

சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாவல் கிடையாது, 1968இல் மேடையேறிய நாடகம். இருந்தும் தேர்தல் நேரத்தில் அதைத் தவிர்க்க முடியாது. கட்சி மாறி வருகிற எல்லோருக்கும் துணைப் பிரதமர் பதவி, மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீக மொழி ஆட்சிமொழி என்ற இரண்டு காட்சிகள் இன்றும் கூர்மையாக நிற்கின்றன. அந்தக் காலத்து ஆட்களைச் சீண்டும் வசனங்கள் மழுங்கிவிட்டன. ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’ க.நா.சு. மொழிபெயர்ப்பில் ‘விலங்குப் பண்ணை’யாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே பள்ளியில் படித்தவர்கள் மறுபடி படிக்கும்போது சுவரில் எழுதிய ஏழு கட்டளைகளை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். எந்த இரவில் எந்தக் கட்டளையில் எந்தச் சொல் கூடியது என்று பார்ப்பது, தேர்தல் அறிக்கைகளை ஒப்பிட்டுப் படிக்க நல்ல பயிற்சி.

‘தர்மபுரி’ என்ற பெயருக்காகவே நம்மவர்கள் கையில் எடுக்கும் புத்தகம் ஒன்று உண்டு. ஓ.வி. விஜயனின் மலையாள நாவல் ‘தர்மபுராணம்’. ஆங்கிலத்தில் ஆசிரியரே ‘தி சாகா ஆஃப் தர்மபுரி’ என்று மொழிபெயர்த்தார். அந்தத் தர்மபுரிக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்பில்லை, அது கற்பனை நாடு. விஜயன் டில்லியில் கார்ட்டூனிஸ்டாக இருந்தவர். 1975 ஜூலையிலிருந்து ஒரு மலையாள வார இதழில் தொடராக வர இருந்தது. ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதால் நின்றுபோய், 1977இல்தான் வந்தது. புத்தகமாக 1985இல். இங்கே சிரிப்பைச் சுமக்கும் பொருள் ஆட்சியாளரின் மலம். அவர் கழிப்பது அரசாங்க நிகழ்ச்சி, அதைக் கொண்டாடுவது குடிமக்கள் கடமை. முதல் பத்துப் பக்கத்திலேயே வயிற்றைப் புரட்டும், வீட்டில் சத்தமாக வாசிக்க முடியாது, பிள்ளைகளுக்கும் ஏற்றதல்ல. அருவருப்பு அதில் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்படவில்லை. அதிகாரத்தை வணங்கும் பழக்கம் எந்த எல்லை வரை போகும் என்று காட்ட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பிற்பாதியில் சித்தார்த்தன் என்ற பாத்திரம் வந்தபின் நடை வேறாகிவிடும். தாங்க முடிகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய புத்தகம் இது. தொடக்க வாசகர் இதிலிருந்து தொடங்க வேண்டாம்.

எப்போது படிப்பது என்பதும் முக்கியம். பிரச்சாரம் உச்சத்தில் இருக்கும் கடைசிப் பத்து நாளில் பெரிய நாவல் ஓடாது. தெருவில் மைக், கைப்பேசியில் செய்தி, மனது ஒரு பக்கத்தில் நிற்காது. அறிவிக்கை வெளியானதிலிருந்து ஏழாவது நாள் மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் கெடு, அதன்பின் குறைந்தது 14 நாள் பிரச்சாரம். மனுத்தாக்கல் வாரத்தில் நைபால் பொருந்துவார். பிரச்சார நாட்களில் பாரதியின் ‘காக்காய் பார்லிமெண்ட்’ மாதிரி சில பக்கங்களில் முடிகிறவை, பிக்விக்கின் அந்த ஓர் அத்தியாயம், ‘வாழ்க வாழ்க’ இவை போதும். பெரிய புத்தகங்களுக்கு உகந்த காலம் வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே வருகிறது. தமிழ்நாட்டில் 2021இல் இந்த இடைவெளி 26 நாள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. 2024இல் ஏப்ரல் 19க்கும் ஜூன் 4க்கும் நடுவே 46 நாள். 2016இல் மூன்றே நாள். ஊகத்தைத் தவிர வேறு செய்தி இல்லாத அந்த நாட்களில், மாம்பழப் பருவத்து மதியங்களில், ஒரு நாளைக்கு 15 பக்கம் என்று போனால்கூட ‘ராக் தர்பாரி’யை எடுத்து முடிக்க 2024இன் இடைவெளி தாராளம்.

ஊரில் சேர்ந்து வாசிக்க நினைப்பவர்கள் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒருவர் பத்துப் பக்கம் வாசிக்க, மீதிப் பேர் கேட்க, பிறகு பேச்சு. கூட்டம் கூடினால் வாசிப்பு போய் விவாதம் வந்துவிடும், விவாதம் வந்தால் கட்சி வந்துவிடும். இன்னொன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டம் கூடாது. இசை நிகழ்ச்சி, நாடகம், கேளிக்கை வழியாகத் தேர்தல் விஷயத்தைப் பரப்புவதும் அதில் அடங்கும். துக்ளக் நாடகத்தை ஊர் மந்தையில் நடிக்க ஆசைப்பட்டால் அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள், மற்ற நாளிலும் முறையாக அனுமதி வாங்குங்கள். நாவலின் ஒரு பகுதியை அச்சடித்து வேட்பாளர் பெயரோடு சேர்த்து விநியோகித்தால் அது துண்டுப் பிரசுரமாகிவிடும். 127அ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் அடிப்பது குற்றம். கைப்பேசியில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி அனுப்புவதில் வேறு ஆபத்து. ‘ஜெயிக்க மூன்று முறைகள்’ என்ற பகுதி ஆசிரியர் பெயரும் புத்தகப் பெயரும் இல்லாமல் சுற்றினால் யாரோ ஒரு கட்சியின் ரகசியத் திட்டம் என்று நம்பிவிடுவார்கள்.

எண்ணிக்கை முடிந்த வாரத்துக்கு ஜோஸே சரமாகோ. 2004இல் வந்த அவருடைய நாவல் ஆங்கிலத்தில் ‘சீயிங்’. ஒரு நாட்டின் தலைநகரில் 14ஆம் எண் வாக்குச்சாவடியில் அதிகாரி காத்திருக்கிறார், வெளியே கொட்டும் மழை, யாருமே வரவில்லை. மாலை நான்கு மணிக்கு ஊரே ஒன்றாக வருகிறது. எண்ணிப் பார்த்தால் எழுபது சதவீதத்துக்கு மேல் காலிச் சீட்டுகள். அடுத்த ஞாயிறு மறுபடி தேர்தல் நடத்துகிறார்கள், 83 சதவீதம் காலி. வெறும் தாளைக் கண்டு மிரண்ட அரசாங்கம் தலைநகரையே காலிசெய்துவிட்டு வெளியேறுகிறது. நம் ‘நோட்டா’வோடு இதை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் எத்தனை வாக்கு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே ஜெயிப்பார். சரமாகோவின் காலிச் சீட்டு அரசாங்கத்தை ஓட வைக்கிறது, நம்முடையது கணக்கில் ஒரு வரியாக நிற்கிறது.

அந்த 14ஆம் எண் சாவடி அதிகாரியைப் படிக்கும்போது பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைதான் நினைவுக்கு வரும். வண்டி போக வழியில்லாமல் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போன தேர்தல்கள் அங்கே நடந்திருக்கின்றன. வேல், மரம், கடிகாரம், குடை என்ற வரிசையில் சேரத் தகுந்த பொருள் அது. பெட்டியைச் சுமக்கும் கழுதை, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறும் ஆசிரியர்கள், மேலே ரோட்டுக்காகக் காத்திருக்கும் வாக்காளர்கள். இந்த மாவட்டத்தில் எழுதுகிற பிள்ளைகள் யாராவது அந்த மலைப்பாதையில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுத உட்கார வேண்டும்.